கரண்டில் விழும் கியர்

காசிமேட்டுப் பக்கத்திலிருந்து கியர் ரிப்பேர் என்று யாராவது கூப்பிட்டால், போகும் வழியிலேயே வேலை பாதி முடிந்துவிடும். ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் சின்ன அவுட்போர்டு எஞ்சின், பக்கவாட்டில் ஒரு லீவர், லீவரிலிருந்து கீழே இறங்கும் ஒரு கம்பி. கம்பி வளைந்திருக்கும், இல்லை பின் கழன்றிருக்கும், அதுவும் இல்லை என்றால் உள்ளே பல்லின் முனை மழுங்கியிருக்கும். நாலாவது காரணம் அபூர்வம்.

போன வருஷம் ராயபுரத்தில் ஒரு ஷெட்டுக்குக் கூப்பிட்ட நண்பர் காட்டிய எஞ்சினில் லீவரும் இல்லை, கம்பியும் இல்லை. எஞ்சினின் தலையிலிருந்து, கீழே புரொப்பெல்லர் இருக்கும் கால் பகுதிக்கு இரண்டே இரண்டு வயர் இறங்கியது. ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

"கியரே வுழ மாட்டேங்குதுண்ணே. ரெண்டு பேர் பார்த்துட்டாங்க. கரண்டு கரெக்டா வருது, உள்ள பல்லுதான் போச்சுன்றாங்க" என்றார்.

1960-களின் ஜான்சன், 40 குதிரைத்திறன். பழைய ஸ்பீட் போட் ஒன்றை வாங்கியபோது கூடவே வந்ததாம். முதலில் பார்த்தவர் கால் பகுதியைப் பிரித்து, குறை எதுவும் தெரியாமல் மூடி, போகிற போக்கில் லாரிக்கு ஊற்றும் 90 நம்பர் கியர் ஆயிலை நிரப்பிவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது ஆள் அதையும் பிரிக்காமல் "பல்லு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இருவரும் கை தேர்ந்தவர்கள்தான். ஆனால் நம் கரையில் ஓடுகிற சின்ன எஞ்சின்களில் பெரும்பாலானவை கயிற்றை இழுத்தால் கிளம்புபவை. பேட்டரியே தேவையில்லை. கரண்டு கியர் போடும் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லாத விஷயம்.

அவர்கள் தீர்ப்பு தப்பானது "கரண்டு கரெக்டா வருது" என்ற ஒரு வரியில்தான். அந்த ஒரு வரியை நம்பித்தான் நல்ல கியர்ப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள்.

இந்த எஞ்சின்கள் வந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எவின்ரூட், ஜான்சன் என்று இரண்டு பெயர் இருந்தாலும் 1930-களின் நடுப்பகுதியிலிருந்து இரண்டும் அவுட்போர்டு மரைன் என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியின் பிள்ளைகள். பெயிண்டும் ஸ்டிக்கரும் மாறும், உள்ளே ஒரே சரக்கு. 1950-களின் பின்பாதி அமெரிக்காவில் பொத்தான் மோகத்தின் காலம். 1956 தொடங்கி 1964 மாடல்கள் வரை கிரைஸ்லர் கார்களில்கூட கியரைப் பொத்தான் அழுத்தித்தான் போட்டார்கள். படகு எஞ்சினிலும் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தாயிற்று, படகில் பேட்டரி உட்கார்ந்தாயிற்று, அப்புறம் கியரை மட்டும் ஏன் கை வலிக்க இழுக்க வேண்டும்? 1960-களின் தொடக்கத்தில் மின்சார கியர் வந்தது. ஜான்சன் அதை எலெக்ட்ராமேட்டிக் என்றது, எவின்ரூட் செலெக்ட்ரிக் என்றது.

எந்த அவுட்போர்டிலும் கால் பகுதிக்குள் மேலிருந்து வரும் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அதை முன்னும் பின்னும் இரண்டு பெரிய பல்சக்கரங்கள் கடித்திருக்கும். எஞ்சின் சுற்றும்வரை இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதனோடு சேர்கிறதோ அந்தத் திசையில் படகு போகும். எதனோடும் சேராவிட்டால் நியூட்ரல். கம்பி வைத்த எஞ்சினில் நடுவிலிருக்கும் பல் வைத்த உருளை முன்னும் பின்னும் நகர்ந்து கோத்துக்கொள்ளும். டங் என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான்.

எலெக்ட்ராமேட்டிக்கில் அந்த உருளை இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு சுருள் ஸ்பிரிங், இரண்டு மின்காந்தம். துறைமுகத்தில் படகு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு முளையைச் சுற்றி நாலு சுற்றுக் கயிறு போட்டுவிட்டு, நுனியை ஒரு பையன் ஒற்றைக் கையில் பிடித்திருப்பான். எதிர்ப்பக்கம் டன் கணக்கில் எடையுள்ள விசைப்படகு இழுக்கும். பையன் அசைய மாட்டான். நுனியை விட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த கியரும் அதே கதைதான். மின்காந்தம் ஸ்பிரிங்கின் நுனியைப் பிடிக்கிறது. நுனி பிடிபட்டதும் ஸ்பிரிங் தண்டின் மேல் தானாக இறுகிச் சுற்றிக்கொள்கிறது. 40 குதிரையின் இழுப்பைத் தாங்குவது ஸ்பிரிங்கின் உராய்வு. காந்தத்தின் வேலை பையன் வேலை மட்டும். பச்சை வயர் முன் கியருக்கு, நீலம் பின் கியருக்கு. இரண்டிலும் கரண்டு இல்லையென்றால் நியூட்ரல்.

அப்படியென்றால் பையன் கை தளர்ந்தால் என்ன ஆகும்? கயிறு கொஞ்சம் பிடிக்கும், கொஞ்சம் வழுக்கும். ஆக்ஸிலேட்டரைக் கூட்டும்போது எஞ்சின் கத்தும், படகு நகராது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது பல் போன எஞ்சின் மாதிரியேதான் தெரியும்.

1960-களின் பின்பாதியில் பெரிய எஞ்சின்களுக்கு அதே கம்பெனி இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. கால் பகுதிக்குள் ஒரு சின்ன ஆயில் பம்ப், கரண்டில் இயங்கும் இரண்டு சோலினாய்டு வால்வு. வால்வு ஆயிலைத் திருப்பிவிடும், ஆயில் அழுத்தம் பல் உருளையை நகர்த்தும். இங்கேயும் வயர் பச்சையும் நீலமும்தான். ஆனால் கணக்கு தலைகீழ். கரண்டே இல்லையென்றால் முன் கியர். பச்சையில் மட்டும் வந்தால் நியூட்ரல். இரண்டிலும் வந்தால் பின் கியர். நடுக்கடலில் பேட்டரி செத்தாலும் கரை திரும்பட்டும் என்று யோசித்திருப்பார்கள் போல. நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். 1973 மாடல்களில் இரண்டையும் கைவிட்டு லீவருக்கே திரும்பினார்கள். அவுட்போர்டு மரைன் 2000 டிசம்பரில் திவாலானது.

ஆக, பழைய எஞ்சின் ஒன்று முன்னால் வந்து நின்றால் முதலில் தெரிய வேண்டியது, இது எந்த வகை என்பது. வகை தெரியாமல் வயரில் கை வைத்தால் நியூட்ரல் என்று நினைத்து முன் கியரில் நிற்பீர்கள். மாடல் தகடு தேய்ந்து போயிருக்கும், சில எஞ்சினில் தகடே இருக்காது. நான் செய்வது இதுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, மேலே இருக்கும் கனச் சக்கரமான ஃபிளைவீலை அது ஓடும் திசையிலேயே கையால் சுற்றுவேன். கீழே புரொப்பெல்லர் சும்மா நின்றால், அல்லது ஆயில் இழுப்பில் சோம்பலாக நகர்ந்து ஒரு விரல் வைத்ததும் நின்றுவிட்டால், ஸ்பிரிங் வகை. ஃபிளைவீலோடு சேர்ந்து விடாப்பிடியாகச் சுற்றினால் ஆயில் பம்ப் வகை. ஒரு நிமிஷ வேலை.

ராயபுரத்து ஜான்சனில் புரொப்பெல்லர் நின்றது. அப்படியே பிளக் போடாமல், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் போட்ட தனி வயர் ஒன்றை எடுத்துப் பச்சை வயரின் எஞ்சின் பக்க முனையில் நேரடியாகத் தொட்டுவிட்டுச் சுற்றினால் புரொப்பெல்லர் முன் திசையில் கூடவே வர வேண்டும். நீலத்தில் தொட்டால் எதிர்த்திசை. வந்தது. இரண்டிலும் வந்தது! அந்த இடத்திலேயே "பல்லு போச்சு" என்ற தீர்ப்பு பாதி செத்துவிட்டது. காந்தம் இருக்கிறது, ஸ்பிரிங் பிடிக்கிறது, பல்லும் சுற்றுகிறது. (ஆயில் பம்ப் வகையில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாக வராது. எஞ்சின் ஓடி பம்ப் அழுத்தம் வந்தால்தான் உருளை நகரும். அங்கே சோலினாய்டு டிக் என்கிறதா என்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.)

அடுத்து மீட்டர். பச்சை, நீலம் இரண்டின் இணைப்பையும் பிரித்து, கீழே போகிற முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையில் ஓம், அதாவது மின்தடை, பார்க்க வேண்டும். நல்ல காயில் (மின்காந்தத்தின் கம்பிச் சுருள்) ஏறத்தாழ 5, 6 ஓம் காட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லையில்லாமல் போனால் வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் வழியில் எங்கேயோ தோல் உரிந்து பாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு சின்ன ஓமை அளக்கும்போது மீட்டரின் சொந்த வயரே அரை ஓம் சாப்பிட்டுவிடும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு அது என்ன காட்டுகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குளிர்ந்த எஞ்சினில் மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகப் போகாதீர்கள். இந்த வயர்கள் கால் பகுதிக்கு இறங்கும் வழி புகையும் சூடும் போகிற கூடுதான். அறுந்த செம்பு குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் கியர் விடும் எஞ்சின் என்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்த இடத்தில்தான். பச்சையும் நீலமும் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டால் அது வேறு கூத்து. ஸ்பிரிங் வகையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும், கியர் போட்டதும் எஞ்சின் தொண்டையை அடைத்த மாதிரி நின்றுவிடும்.

நம்முடைய ஜான்சனில் ஓம் சரியாக இருந்தது. கீழே குறை இல்லை. அப்படியானால் குறை மேலே, கரண்டு வருகிற வழியில். கீயைத் திருப்பி, கியரை முன்னால் தள்ளி, இணைப்பைப் பிரித்தபடியே மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட்! முந்தைய இருவரும் பார்த்ததும் இதைத்தான். கரண்டு கரெக்டாக வருகிறது.

வரவில்லை. மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை, எறும்பு குடிக்கிற அளவுதான் குடிக்கும். தெருக்குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் அடைத்து வைத்த குழாயில் அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்து குடத்தை வைத்தால்தானே தெரியும், நூலாக விழுகிறதா கொட்டுகிறதா என்று. காயில் 5 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் இழுக்கும். கியர் போட்டிருக்கும் நேரமெல்லாம் விடாமல் இழுக்கும். வழியில் ஒரு இணைப்பில் களிம்பேறி 2 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 ஓம், 1.7 ஆம்பியர். காயிலுக்குக் கிடைப்பது எட்டரை வோல்ட் சொச்சம். காந்தத்தின் இழுப்பு ஏறக்குறைய கரண்டின் வர்க்கத்தில் போவதால் அது பாதியாகிவிடும். பையன் ஒற்றை விரலில் கயிற்றைப் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த 2 ஓம், சும்மா வைத்த மீட்டரில் கடைசிவரை தெரியாது.

ஆகவே பல்பு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் கார் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட். அது இழுப்பது 1.75 ஆம்பியர், காயிலுக்குக் கிட்டத்தட்டத் தங்கச்சி. ஹோல்டரில் இரண்டு வயர் வைத்துக்கொண்டால் போதும். பேட்டரியில் நேராக வைத்தேன், கண் கூசியது. பச்சை வயரின் முனையில் வைத்தேன், சாமி மாடத்து விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்தது. நண்பர் குனிந்து பார்த்துவிட்டு, "அதுல 12 காட்டுச்சேண்ணே?" என்று மீட்டரையும் பல்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

எங்கே விழுங்குகிறது என்று தேட இணைப்பை மறுபடி கோத்து, காயில் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறுமுனையை வழி நெடுகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், கியர் ஸ்விட்ச், எஞ்சின் மூடிக்குள் இருக்கும் இணைப்பு. மீட்டர் காட்டுவது அதுவரை தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் எங்கே எகிறுகிறதோ அதுதான் குற்றவாளி. நெகட்டிவ் பக்கமும் இதேபோல் பார்க்க வேண்டும், பேட்டரி நெகட்டிவிலிருந்து கால் பகுதியின் உலோகம் வரை. காயிலின் மறுமுனை பாடி எர்த்தில்தான் முடிகிறது. கால் பகுதிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பெயிண்ட், கேஸ்கெட், உப்புப் பூத்த போல்ட் எல்லாம் இருக்கிறது. பிரித்து மாட்டியவர் புதுப் பெயிண்ட் அடித்து அழகு பார்த்திருந்தால் எர்த் அங்கேயே போய்விடும்.

எங்களுக்கு இரண்டு இடத்தில் எகிறியது. கியர் ஸ்விட்சில் கொஞ்சம், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் சரியானது. பெரிய தொலைப்பு எஞ்சின் மூடிக்குள் பச்சை வயர் சேரும் இணைப்பில். மேலே ரப்பர் உறை பளிச்சென்று இருந்தது. உறையைக் கத்தியால் கீறியபோது உள்ளே பச்சைக் களிம்பு மாவாக உதிர்ந்தது. வயரின் தோலை ஒரு சாண் உரித்த பிறகும் செம்பு கறுப்பாகத்தான் இருந்தது. நம் கடற்கரைக் காற்றில் ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை, 60 வருஷத்து வெறும் செம்பு எந்த மூலைக்கு? நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய ஈயம் பூசிய வயரைச் சாலிடர் செய்து, உள்பக்கம் பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினோம். பல்பு இப்போது வெள்ளையாக எரிந்தது.

200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கி ஓட்டினோம். தண்ணீர் இல்லாமல் இந்த எஞ்சின்களை ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது, பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். மெதுவோட்டத்தில் முன் கியர் பிடித்தது. படகில் மாட்டி ஆக்ஸிலேட்டரைக் கூட்டியதும் திரும்பவும் வழுக்கல்.

இந்த இடத்தில் ஒரு கட்டியான சாக்பீஸ் வேண்டும். புரொப்பெல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் பல் உடையாமல் இருக்க அது வழுக்கிக் கொடுக்கும். வயதானால் மோதாமலே வழுக்கும், எஞ்சின் கத்தும், படகு போகாது, அதே அறிகுறி. ஷாஃப்ட் பக்கமிருந்து இறக்கைப் பக்கத்துக்கு ஒரே நேர்கோடாகக் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் குறை புரொப்பெல்லரில். தண்ணீரில் சாக்பீஸ் அழிந்தால் ஆணியால் கீறிக்கொள்ளலாம். எங்கள் கோடு பிரியவில்லை.

மிச்சம் இருந்தது ஆயில். கீழ்த்துளையைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தோம். பால் கலந்த டீ போல வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்று பொருள். இது தேன் மாதிரி, சுத்தமாக, கெட்டியாக வந்தது. சுத்தமாக இருந்ததுதான் ஏமாற்றியது. ஸ்பிரிங் தண்டைக் கவ்வ வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆயில் சட்டென்று விலகி வழிவிட வேண்டும். பல்லைக் காப்பாற்றுவதற்காகவே கெட்டியாகவும் வழுவழுப்பாகவும் செய்த 90 நம்பர் விலகாது, நடுவில் படலமாக உட்கார்ந்துகொள்ளும். முளையில் எண்ணெய் தடவிவிட்டுக் கயிறு சுற்றின மாதிரி. கம்பெனியே இதற்காக டைப் சி என்று தனி ஆயில் விற்றது, பிறகு பிரீமியம் பிளெண்ட் என்று பெயர் மாறியது. சரியான ஆயில் வெளியூரிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதற்குள் உள்ளே ஒட்டியிருந்த பழசு வடியட்டும் என்று காலை நிமிர்த்தியே வைத்திருந்தோம். நிரப்பும்போது கீழ்த்துளை வழியாக அழுத்தி, மேல்துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வழுக்கவில்லை.

ஆயில் பம்ப் வகை வைத்திருப்பவர்களுக்குச் சொல்வதாகச் சொன்ன விஷயம். அதில் நியூட்ரல் என்பதே கரண்டு கொடுத்து வாங்குகிற நிலை. படகுத்துறையை நெருங்கும்போது பச்சை வயர் கழன்றால், லீவரை நியூட்ரலுக்கு இழுத்தாலும் படகு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த ஒரே வழி எஞ்சினை அணைப்பது, கை அந்தச் சாவியின் மேலேயே இருக்கட்டும். பேட்டரி இல்லாமல் கயிறு சுற்றி எஞ்சினைக் கிளப்புகிற வீரமும் இதில் வேண்டாம். கிளம்பும்போதே முன் கியரில்தான் கிளம்பும், படகில் எழுந்து நின்றுகொண்டிருப்பவர் தண்ணீருக்குள் இருப்பார். கரையில் வைத்து எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும்போது எந்த வகையானாலும் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள்.

லீவர் கியருக்கு மாற்றிவிடலாமா என்று நண்பர் கேட்டார். கால் பகுதி முழுக்க வேறு, கம்பி இறங்க வழியும் வேண்டும். புதுப்பேட்டையில் எது கிடைத்தாலும் அது கிடைக்காது. அதற்குப் பதில் இரண்டு மீட்டர் வயர் ஒன்றில் இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்டு, நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துக் கொடுத்தேன். கடலில் ஸ்விட்சோ சாவியோ கைவிட்டால், எஞ்சினை மெதுவோட்டத்தில் வைத்துவிட்டு, ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பச்சையில். கரை வந்துவிடும். அவர் அதைச் சுருட்டி பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள் டேப் போட்டு ஒட்டி, மேலே மார்க்கரில் "பச்சைக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறார்.